வாடகைக்கு வீடு விடப்போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் வீடு வாங்கி வாடகைக்கு விடுவது பற்றி டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா பக்கமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். பலரும் பெயர் வேண்டாம் என்றதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம். கணக்குகளில் வரும் வாடகை, லெவி (காம்ப்ளெக்ஸின் பொதுச் செலவுக்கு மாதாமாதம் கட்டுவது) ஆகிய தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: காம்ப்ளெக்ஸ் ஒன்றில் இரண்டு பெட்ரூம் பிளாட் 700,000 ராண்டுக்கு வருகிறது. கையில் 70,000 இருக்கிறது. அங்கே வாடகை 7,500 போகிறது. பாண்டுக்கு (வீட்டுக் கடனுக்கு) மாதம் 6,500 கட்டினால் போதும் என்கிறார்கள். மாதம் ஆயிரம் மிச்சம்தானே, வாங்கிவிடலாமா?
(ஃபீனிக்ஸ்)

பதில்: மிச்சம் இல்லை. மாதம் மூவாயிரம் ராண்ட் துண்டு விழும்.

630,000 ராண்ட் கடன், 20 ஆண்டு, வட்டி 11 சதவீதம் என்றால் தவணை 6,503. அதுவரை நீங்கள் சொன்னது சரி. அதோடு லெவி 1,600, முனிசிபாலிட்டி ரேட்ஸ் (சொத்து வரி) 700 சேருங்கள். ஏஜென்ட் பார்த்துக்கொண்டால் வாடகையில் பத்து சதவீதம், அதாவது 750. ரிப்பேருக்கு ஐந்து சதவீதம் ஒதுக்கினால் 375. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் என்று வைத்தால் அதற்கு மாதம் 625. மொத்தம் 10,550-க்கு மேல் போகிறது. வருவது 7,500. காலி மாதத்தைக் கணக்கில் சேர்க்காமல் வாங்குகிறவர்கள்தான் இரண்டாம் வருடம் விற்க அலைகிறார்கள்.

வட்டி ஒரு சதவீதம் ஏறினால் தவணை 6,937 ஆகிவிடும். அதையும் உங்கள் சம்பளம் தாங்குமா என்று பாருங்கள். 300,000 ராண்ட் முன்பணம் போட்டு 400,000 மட்டும் கடன் வாங்கினால் தவணை 4,129-தான். அப்போதும் ஏஜென்ட் இல்லாமல் நீங்களே பார்த்துக்கொண்டால் தான் வரவும் செலவும் சரிக்கட்டும்.

கைப்பணத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 1 ஏப்ரல் 2025 முதல் 1,210,000 ராண்ட் வரையுள்ள வீட்டுக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டி (பெயர் மாற்றும்போது கட்டும் வரி) கிடையாது. ஆனால் டிரான்ஸ்ஃபர் அட்டர்னி கட்டணம், பாண்டு பதிவு அட்டர்னி கட்டணம், பேங்கின் தொடக்கக் கட்டணம் எல்லாம் உண்டு. உங்கள் விலைக்கு மூன்றும் சேர்ந்து சுமார் ஐம்பதாயிரம் வரும். 70,000-த்தையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டால் இதற்கு எங்கே போவீர்கள்?

பிளாட் என்பதால் கையெழுத்துக்கு முன் பாடி கார்ப்பரேட்டிடம் (பிளாட் உரிமையாளர் சங்கத்திடம்) நான்கு தாள் கேட்டு வாங்குங்கள்: கடைசி ஆண்டுக் கூட்டக் குறிப்பு, தணிக்கை செய்த கணக்கு, லெவி பாக்கிப் பட்டியல், பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டம். கூட்டக் குறிப்பில் "கூரை நீர்க்காப்பு", "லிஃப்ட்", "வெளிப்பூச்சு" என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்து ரிசர்வ் நிதியில் பணமும் இல்லையென்றால், ஸ்பெஷல் லெவி, அதாவது கூடுதல் வசூல், வரப்போகிறது என்று அர்த்தம். அது வாடகையில் அடங்காது, உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

கேள்வி: ரிசர்வாயர் ஹில்ஸில் சரிவில் ஒரு வீடு மலிவாக வருகிறது. வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?
(டர்பன்)

பதில்: உள்ளே போவதற்கு முன் பின்புறம் போங்கள். ஏப்ரல் 2022 வெள்ளத்தில் டர்பனில் சரிந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தடுப்புச் சுவரின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, அவற்றில் மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். துளை அடைத்த சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கும். அந்த எடைதான் சுவரைத் தள்ளும். சுவர் வெளிப்பக்கம் உப்பியிருந்தாலோ, படிக்கட்டு மாதிரி வெடிப்பு ஓடினாலோ ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழையுங்கள். கூரைத் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்பதையும் பின்தொடர்ந்து பாருங்கள். கீழ்வீட்டு முற்றத்தில் விழுந்தால் நாளைக்குச் சண்டை உங்களுக்குத்தான்.

பழைய வீடு என்றால் கூரை ஆஸ்பெஸ்டாஸா என்று கேளுங்கள். அதை வழக்கமான ரூஃபரை வைத்துப் பிரிக்க முடியாது, பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் வேண்டும், செலவும் அதற்கேற்றபடி இருக்கும். மின்சாரச் சான்றிதழை விற்பவர் தரவேண்டும். நம் கடற்கரைப் பக்கம் வண்டுச் சான்றிதழும் (மரத்தை அரிக்கும் வண்டு இல்லை என்பதற்கு) கேட்பது வழக்கம். அதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

விற்பனைத் தாளில் "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்று இருக்கும். உள்ளபடியே வாங்கிக்கொள்கிறேன் என்று பொருள். விற்பவர் தெரிந்தே குறையை மறைத்திருந்தால் அந்த வாசகம் அவரைக் காப்பாற்றாது. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்கவேண்டியவர் நீங்கள். ஏஜென்ட் மூலம் வாங்கினால் விற்பவர் நிரப்பிய குறை அறிவிப்புப் படிவத்தைக் கேளுங்கள். ஏஜென்டிடம் செல்லுபடியாகும் ஃபிடலிட்டி ஃபண்ட் சான்றிதழ் (ஏஜென்டாக வேலை செய்யும் அனுமதி) இருக்கிறதா என்பதும் உங்கள் கேள்விதான்.

கேள்வி: அப்பா காலமாகி இரண்டு வருடம். சாட்ஸ்வொர்த் வீடு இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. அம்மா எங்களோடு வந்துவிட்டார். அண்ணன், நான், தங்கை மூவரும் சேர்ந்து அதை வாடகைக்கு விடலாம் என்கிறோம். லீஸில் யார் கையெழுத்துப் போடவேண்டும்?
(ஷால்கிராஸ்)

பதில்: இப்போதைக்கு உங்கள் மூவரில் யாருக்கும் அந்த உரிமை இல்லை. இறந்தவர் பெயரிலுள்ள வீட்டை வாடகைக்கு விடும் அதிகாரம் எக்ஸிக்யூட்டருக்கு (இறந்தவரின் சொத்தை, அதாவது எஸ்டேட்டை, நிர்வகிப்பவருக்கு) மட்டும்தான். அவருக்கு உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் நியமனக் கடிதம் தரவேண்டும். இறப்பை 14 நாளுக்குள் மாஸ்டரிடம் அறிவித்திருக்கவேண்டும். தாமதமாகிவிட்டது என்று விட்டுவிடாமல் இப்போதாவது போங்கள். மொத்தச் சொத்து 250,000 ராண்டுக்குள் என்றால் சுருக்கமான அதிகாரக் கடிதம் போதும். சாட்ஸ்வொர்த் வீடு அதற்குள் அடங்குவது கஷ்டம். கடிதம் வந்ததும் எக்ஸிக்யூட்டர் லீஸில் கையெழுத்திடலாம். வாடகை எஸ்டேட் பேங்க் கணக்குக்குத்தான் போகவேண்டும், அண்ணன் கணக்குக்கு அல்ல.

உயில் இல்லையென்றால் அம்மாவுக்கு 250,000 ராண்ட் அல்லது ஒரு பிள்ளையின் பங்கு, இரண்டில் எது அதிகமோ அது சேரும். கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாத திருமணமாக இருந்தாலும் பயப்படவேண்டாம். அப்படிப்பட்ட இந்துத் திருமணத்தில் மனைவியை வாழ்க்கைத்துணையாகவே எடுத்துக்கொள்ளவேண்டும் என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எல்லோர் பெயரிலும் சேர்த்து மாற்றலாம், சட்டம் தடுக்காது. ஆனாலும் நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. கீசர் போனால் யார் காசு போடுவது என்பதிலேயே உறவு கசக்கும், ஒருவருக்கு அவசரம் வந்தால் விற்றுப் பங்கு கேட்பார். வாரிசுகள் எழுத்தில் ஒத்துக்கொண்டு மறுபங்கீட்டு ஒப்பந்தம் செய்து, ஒருவர் வீட்டை எடுத்து மற்றவர்களுக்குப் பணம் கொடுப்பது மேல். வாரிசாக வரும் வீட்டுக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டி கிடையாது.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை அவுட்பில்டிங் இருக்கிறது. மாமனார் காலத்தில் கட்டியது, பிளான் பாஸ் ஆனதா தெரியவில்லை. வாடகைக்கு விடலாமா?
(வெருலம்)

பதில்: முதலில் முனிசிபாலிட்டியில் உங்கள் எர்ஃப் (மனை) எண்ணைக் கொடுத்து, பாஸான பிளானின் நகலைக் கேளுங்கள். அதில் அந்த இரண்டு அறை இல்லையென்றால் ஒரு டிராஃப்ட்ஸ்மேனை வைத்து இப்போது வரைந்து அனுமதிக்குப் போடவேண்டும். வாடகை வாங்குவதை யாரும் தடுக்காமல் வருடங்கள் ஓடலாம். ஆனால் தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் தாள் அந்தப் பிளான், விற்கும்போது வாங்குபவரின் பேங்க் கேட்பதும் அதுதான்.

பின்னறைக்குப் போகும் வயரிங் மெயின் வீட்டிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷன் கார்டாக இருந்தால் அதை முதலில் எடுங்கள். தனி பிரேக்கர், எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் தானே நிற்கும் சுவிட்ச்), அதற்குரிய மின்சாரச் சான்றிதழ் வேண்டும். ப்ரீபெய்ட் சப்-மீட்டர் போட்டால் மாதாமாதம் வாக்குவாதம் இல்லை. தண்ணீருக்கு ஒரே மீட்டர்தான் என்றால் எத்தனை பங்கு யாருக்கு என்று லீஸில் எழுதுங்கள். தண்ணீர் பில் உங்கள் பெயரில் இருப்பதால் பாக்கி உங்களிடம்தான் வந்து சேரும். கடைசி இரண்டு ஆண்டுப் பாக்கியைக் கட்டாமல் விற்பதற்கு, பாக்கி இல்லை என்ற கிளியரன்ஸ் சான்றிதழும் கிடைக்காது.

ஒரே முற்றம், பின்னறைதானே என்று நினைக்கவேண்டாம். கீழே வெளியேற்றம் பற்றிச் சொல்லியிருப்பது அந்த அறைக்கும் அப்படியே பொருந்தும்.

கேள்வி: தூரத்துச் சொந்தக்காரப் பையன் வீடு கேட்கிறான். சம்பளச் சீட்டு, கிரெடிட் செக் என்று கேட்டால் அவன் அம்மா கோபித்துக்கொள்வார். என்ன செய்யலாம்?
(டோங்காட்)

பதில்: ஏஜென்டைக் கேட்கச் சொல்லுங்கள், அதற்குத்தான் அந்தப் பத்து சதவீதம். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், முந்தைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண், கிரெடிட் செக்குக்கு எழுத்துபூர்வ சம்மதம் ஆகியவற்றை எல்லோரிடமும் ஒரே படிவத்தில் வாங்கவேண்டும். வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. இப்போதைய வீட்டுக்காரரைவிட அதற்கு முந்தையவரைக் கேட்பது நல்லது. தொல்லையானவரைக் கழற்றிவிட நினைக்கும் வீட்டுக்காரர் அவரைப் புகழ்ந்துதான் பேசுவார்.

வெளிநாட்டவர் என்றால் பெர்மிட்டைப் பார்த்து நகல் வையுங்கள். அனுமதியின்றித் தங்கியிருப்பவர் என்று தெரிந்தே வீடு கொடுப்பது குடியேற்றச் சட்டப்படி குற்றம். இப்படிச் சேரும் தாள்களை வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள், போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக்காரருக்கும் உண்டு.

கேள்வி: டெபாசிட் பணத்தை என் கணக்கிலேயே வைத்திருக்கிறேன். போகும்போது சுவரெல்லாம் அழுக்கு, ஸ்டவ் பிளேட் ஒன்று வேலை செய்யவில்லை. முழுவதையும் பிடித்துக்கொள்ளலாமா?
(லெனேசியா)

பதில்: நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டு சிக்கல். 1999-ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி டெபாசிட் வட்டி தரும் கணக்கில் இருக்கவேண்டும், அந்த வட்டியும் குடியிருந்தவருக்குத்தான். கணக்கு விவரத்தை அவர் கேட்டால் காட்டவேண்டும். உங்கள் செலவுக் கணக்கில் கலந்து வைத்திருந்தால் வட்டியை இப்போது கணக்கிட்டுச் சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்தது, குடிவரும்போது இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்த்துக் குறித்தீர்களா? குடிபோகும்போது, லீஸ் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மறுபடியும் சேர்ந்து பார்த்தீர்களா? வீட்டுக்காரர் அப்படிப் பார்க்கத் தவறினால் வீடு நல்ல நிலையில் இருந்ததாக ஒப்புக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு ஸ்டவ்வைக் காட்டிப் பயனில்லை, டெபாசிட்டைத் திருப்பித் தரவேண்டியதுதான்.

அடுத்த குடித்தனத்துக்கு இப்படிச் செய்யுங்கள். சாவி கொடுக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மீட்டர் எண்களைப் படம் எடுங்கள். ஸ்டவ்வின் நான்கு பிளேட்டையும் ஓவனையும் போட்டுச் சூடு வருகிறதா என்று இருவரும் பாருங்கள். ஒவ்வொரு குழாயையும் இரண்டு நிமிடம் திறந்துவிட்டு சிங்கின் அடியில் கைவைத்து ஈரம் பாருங்கள். டாய்லெட்டை ஃப்ளஷ் செய்து சிஸ்டர்ன் நிரம்பியபின் தண்ணீர் ஓடுவது நிற்கிறதா என்று கேளுங்கள். கதவு ஒவ்வொன்றின் சாவியையும் எண்ணி எழுதுங்கள். சுவரை அறை அறையாக மூலையிலிருந்து படம் எடுங்கள், நெருக்கத்தில் மட்டும் எடுத்த கறைப்படம் எந்தச் சுவர் என்றே பின்னால் தெரியாது. பட்டியலில் இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடித்தம் செய்ய முடியாது. மூன்று வருடம் குடியிருந்த வீட்டில் பெயின்ட் மங்கினால் அது தேய்மானம். சுவரில் ஓட்டை போட்டால் சேதம். சாமி மாடத்துக்கு மேல் விளக்குக் கரி படிந்தால் எதில் சேர்ப்பது என்று நம் வீடுகளில் வாக்குவாதம் வரும். முன்கூட்டியே லீஸில் ஒரு வரி எழுதிவிட்டு, மாடத்தின் பின்னும் மேலும் டைல்ஸ் ஒட்டிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஐந்து வருடப் பெயின்ட்டுக்குப் புதுப் பெயின்ட்டின் முழு விலையைப் பிடிப்பதும் நிற்காது.

பாக்கி எதுவும் இல்லையென்றால் லீஸ் முடிந்து 7 நாளுக்குள் டெபாசிட்டையும் வட்டியையும் தரவேண்டும். ரிப்பேர் இருந்தால் வீடு உங்கள் கைக்குத் திரும்பிய 14 நாளுக்குள் மீதியைக் கொடுத்து ரசீதுகளைக் காட்டவேண்டும். குடியிருந்தவர் கூட்டுப் பார்வைக்கு வராமல் போனால் லீஸ் முடிந்து 21 நாள். தகராறு என்றால் மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்கு இருவரில் யாரும் போகலாம், கட்டணம் இல்லை. அதன் தீர்ப்புக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவுக்குள்ள வலு உண்டு.

கேள்வி: மூன்று மாதமாக வாடகை வரவில்லை. "கரண்டைக் கட் பண்ணு, தானாகப் போவான்" என்கிறார் அண்ணன். சட்டப்படி என்ன செய்யவேண்டும்?
(மெரிபேங்க்)

பதில்: அண்ணன் பேச்சைக் கேட்காதீர்கள். கரண்ட், தண்ணீரை நிறுத்துவது, பூட்டை மாற்றுவது, கதவைக் கழற்றுவது எதுவும் கூடாது. குடியிருப்பவர் நீதிமன்றத்துக்குப் போனால் அவர் எத்தனை மாதப் பாக்கி என்று நீதிபதி கேட்கமாட்டார். முதலில் இருந்தபடி திருப்பிக் கொடு என்று உத்தரவிடுவார், வழக்குச் செலவும் உங்கள் தலையில் விழும். சட்டமீறலாக வெளியேற்றுவது குற்றமும்கூட.

உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது. 1998-ஆம் ஆண்டு பை (PIE) சட்டம், அதாவது சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுக்கும் சட்டம், லீஸ் முடிந்தபின் போகாமல் தங்கியிருப்பவர்களுக்கும் பொருந்தும் என்று 2002-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

முதலில் பாக்கித் தொகையையும் எந்த மாதங்கள் என்பதையும் எழுதி, 20 வேலை நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் காலக்கெடு லீஸ்களுக்கு விதிக்கும் கெடு அது. சின்ன வீட்டுக்காரருக்கு அது பொருந்துமா என்று வழக்காடுவதைவிட அந்த 20 நாளைக் கொடுத்துவிடுவது மலிவு. வேலை நாள் என்றால் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை சேராது. டிசம்பரில் அனுப்பினால் ஜனவரி நடுப்பகுதியாகிவிடும்.

கெடு தாண்டியும் கட்டவில்லையென்றால் லீஸ் ரத்து என்று தனியாக இன்னொரு கடிதம். இதை விட்டுவிட்டு நேராக நீதிமன்றம் போனவர்களின் மனு தள்ளுபடியாகிறது. லீஸ் உயிரோடு இருந்தால் அவர் சட்டபூர்வக் குடியிருப்பாளர்தானே. ரத்துக்குப் பிறகு அவர் கொஞ்சம் பணம் போட்டால் வாங்கலாம். ஆனால் அன்றே "இது வீட்டில் தங்கியதற்கான நஷ்டஈடு, லீஸ் புதுப்பிக்கப்படவில்லை" என்று எழுத்தில் அனுப்பவேண்டும். பேசாமல் வாங்கிக்கொண்டால் மாதாமாத லீஸ் மறுபடி தொடங்கிவிட்டது என்று அவர் வக்கீல் வாதிடுவார்.

அதன்பின் அட்டர்னி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடுவார். விசாரணைக்கு 14 நாளுக்கு முன்பே குடியிருப்பவருக்கும் முனிசிபாலிட்டிக்கும் நீதிமன்ற நோட்டீஸ் சேரவேண்டும். வீட்டில் குழந்தைகள், முதியோர், உடல் ஊனமுற்றோர், பெண் தலைமையிலான குடும்பம் இருக்கிறதா என்று நீதிபதி பார்ப்பார். உத்தரவில் வெளியேறும் தேதி இருக்கும். அன்றும் போகவில்லையென்றால் ஷெரிஃப்தான் வெளியேற்றுவார், நீங்களோ உங்கள் தம்பிமாரோ அல்ல. எதிர்த்து வழக்காடினால் மாதங்கள் ஓடும். மூன்று மாதம் காத்திருந்தது போதும், இனி முதல் மாதம் தவறிய ஏழாம் நாளே நோட்டீஸ் போகவேண்டும்.

கேள்வி: வாடகை வருமானத்துக்கு சார்ஸில் (வரித் துறையில்) வரி கட்டவேண்டுமா? எதையெல்லாம் கழிக்கலாம்?
(பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: கட்டவேண்டும், சம்பளத்தோடு சேர்த்து. கழிக்கக்கூடியவை பாண்டு வட்டி, லெவி, ரேட்ஸ், இன்ஷூரன்ஸ், ஏஜென்ட் கமிஷன், ரிப்பேர். தவணை முழுவதையும் கழிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மேலே சொன்ன 6,503-ல் முதல் மாத வட்டி 5,775. மீதி 728 அசல், அது கழியாது. பழைய கீசருக்குப் பதில் அதே மாதிரி புதியது போட்டால் ரிப்பேர். புதிதாகக் கார்போர்ட் கட்டினால் மேம்பாடு, இப்போது கழியாது. அந்த ரசீது விற்கும்போது மூலதன லாபத்தைக் குறைக்க உதவும், பத்திரமாக வையுங்கள். வாடகை வீட்டுப் பாண்டிலிருந்து எடுத்துக் கார் வாங்கினால் அந்தப் பகுதி வட்டியும் கழியாது.

நஷ்டம் வந்தால் சம்பளத்தோடு ஈடுகட்டலாம். அதிகபட்ச வரி விகிதத்தில் இருப்பவர்கள் மட்டும் கவனிக்கவேண்டும். உறவினருக்கே வீட்டை வாடகைக்கு விட்டு வருடா வருடம் நஷ்டம் காட்டினால் சார்ஸ் அதைத் தனியாகப் பிரித்து வைத்துவிடும். செலவு கழித்தபின் வட்டி, டிவிடெண்ட், வாடகை போன்றவற்றிலிருந்து வரும் வரிக்குரிய வருமானம் 30,000 ராண்டைத் தாண்டினால் ஆகஸ்ட் முடிவிலும் பிப்ரவரி முடிவிலும் ப்ரொவிஷனல் வரி கட்டவேண்டும்.

கேள்வி: ராத்திரி கீசர் வெடித்து சீலிங் விழுந்துவிட்டது. குடியிருப்பவர் என்னைச் செலவு செய்யச் சொல்கிறார். யார் பொறுப்பு?
(ஐசிபிங்கோ)

பதில்: நீங்கள்தான், அவர் கைவைத்துக் கெடுத்ததாகக் காட்ட முடிந்தால் தவிர. சீலிங்கையும் கீசரையும் படம் எடுத்து, வெடித்த கீசரைத் தூக்கிப் போடாமல் வைத்து, இன்றே இன்ஷூரன்ஸுக்குச் சொல்லுங்கள். பாண்டு வீடு என்றால் பேங்க் வழியாகக் கட்டிட இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் இருக்கும், எக்ஸஸ் உங்கள் கையிலிருந்து. உங்கள் பாலிசி சாஸ்ரியாவையும் (கலவரச் சேதத்துக்கான அரசு இன்ஷூரன்ஸ்) சேர்த்ததா என்று அதே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலை 2021 கலவரத்தில் எரிந்த கட்டிடங்களுக்குச் சாதாரண பாலிசி பணம் தரவில்லை, சாஸ்ரியாதான் தந்தது.

புதுக் கீசர் மாட்டும்போது அடியில் டிரிப் டிரே இருக்கவேண்டும், அதன் குழாய் வீட்டுக்கு வெளியே வந்து முடியவேண்டும். சீலிங்குக்குள்ளேயே முடியும் குழாயைப் பிளம்பர்கள் அவசரத்தில் விட்டுவிடுவதுண்டு, ஏணி போட்டுப் பாருங்கள். பிரஷர் வால்வையும் புதிதாகவே மாற்றச் சொல்லுங்கள், பழைய வால்வு இறுகிப் போயிருந்தால் புதுக் கீசரும் அதே கதிதான். வேலை முடிந்ததும் குடியிருப்பவரைக் கூட்டிப்போய் டிபி போர்டில் கீசர் சுவிட்ச் எது, முற்றத்தில் தண்ணீரை மூடும் வால்வு எது என்று காட்டி, அவர் கையாலேயே ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லுங்கள்.